கருத்துப் பெற இயலவில்லை

சிங்காரம் தன் மகளோடு பேசி இருபத்து மூன்று நாளாயிற்று. சீதா இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த இருபத்து மூன்று நாளும் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்று தபால் சுமந்தவள் அவள்தான். யுவனேஸ்வரி கோலாலம்பூரிலிருந்து போன் போட்டு, "அப்பா மாத்திர போட்டாரா?" என்று கேட்பாள். சீதா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, நாலடி தள்ளி உட்கார்ந்து கால் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் மனுசனிடம், "மாத்திர போட்டீங்களான்னு கேக்கறா" என்பாள். "போட்டாச்சுன்னு சொல்லு" என்று பதில் வரும். அந்தப் பதில் மகளுக்கும் காதில் விழும். இருந்தாலும் சீதா அதை ஒருமுறை திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் ரிங்லெட் டவுனில் ஹாஜா மைதீன் கடை வாசலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சீதாவுக்கு அந்தத் தபால் வேலைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் சிங்காரத்துக்கு விசாரணை. கடிதம் வந்து நாலு நாளாகிறது. பிரேக் கெட்டுப்போனது தெரிந்தும் ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லாமல் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு லோரி ஓட்டினார் என்று எழுதியிருந்தது. அது உறுதியானால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அதையெல்லாம்விட, இருபத்தெட்டு வருசம் லோரி ஓட்டிய மனுசன் பொய்யன் என்று பேர் வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கும். சீதாவுக்கு அந்த நினைப்புதான் சோறு இறங்கவிடவில்லை.

"குளுருக்கு ஒரு டீயாச்சும் குடிங்க தங்கச்சி" என்றார் ஹாஜா மைதீன். கல்லில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே, "புள்ள போட்ட வீடியோவ நானும் பாத்தேன். நல்லாத்தான் செஞ்சிருக்கு. ஆனா கீழ கமெண்டுல எழுதறானுங்க பாருங்க, அவனுங்களுக்குத்தான் வேற வேல இல்ல" என்றார்.

"பாக்காதீங்க ஹாஜா நானா. நானே பாக்கறத விட்டுட்டேன்."

அந்த வீடியோதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். யுவனேஸ்வரி டிஜிட்டல் ஜர்னலிசத்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். இதை லயத்தில் விளங்கவைப்பதற்குள் சீதாவுக்குத் தாவு தீர்ந்துவிடும். "பேப்பர் வேலயா?" என்பார்கள். "பேப்பர் இல்ல, போன்ல வர்ற நியூசு" என்பாள். "அதத்தான் எல்லாரும் போடறாங்களே, அதுக்கு என்னாத்துக்கு டிகிரிக்கு மேல படிக்கணும்?" என்று கூடக் கொழுந்து பறிக்கும் நவமணி ஒருநாள் கேட்டாள். சீதா அதை மகளிடம் கேட்டாள். "எல்லாரும் போடறதுனாலதான்மா படிக்க வேண்டியிருக்கு" என்றாள் மகள். சீதாவுக்கு அது பாதி புரிந்தது. மீதியைப் பெருமையால் நிரப்பிக்கொண்டாள்.

செமஸ்டர் லீவுக்கு அவள் வந்திருந்த வாரத்தில்தான் லோரி சறுக்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாமல் தூறல். பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து பதினாலு பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையோடும் கத்திரியோடும் லோரியின் பின்னால் ஏறி நின்றார்கள். சீதாவும் அதில் ஒருத்தி. ஏழாம் நம்பர் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் தேயிலை மேடு. சிங்காரம் ஸ்டேரிங்கை வலப்பக்கம் ஒடித்து லோரியை மேட்டில் ஏற்றி நிறுத்தினார். செடி நாலு வரிசை நாசம். லோரி சாய்ந்ததில் நவமணிக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல சீதா இருந்திருக்க மாட்டாள்.

யுவனேஸ்வரி அன்றைக்கே போனைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். சாய்ந்து கிடந்த லோரி, உட்கார ஒரு பலகைகூட இல்லாத அதன் பின்பக்கம், கட்டுப் போட்ட கையோடு நவமணி. யுனிவர்சிட்டி மாணவர்கள் நடத்தும் செய்தித் தளத்தில் நாலு நிமிச வீடியோவாக வந்தது. கீழே மலாயிலும் தமிழிலும் கட்டுரை. நூறு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்ததை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். லயத்தில் ஒரே கொண்டாட்டம். சிங்காரமும் சந்தோசமாகத்தான் இருந்தார், சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கட்டுரையைக் கடைசி வரி வரை படிக்கும்வரை. கடைசி வரி இப்படி இருந்தது: 'லோரி ஓட்டுநரின் கருத்தைப் பெற இயலவில்லை.'

சிங்காரம் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். "நான் எங்க போயிருந்தேன்?" என்றார் சீதாவிடம். "மூணு நாளும் இந்த அடுப்பங்கரையிலதான உக்காந்திருந்தேன். இவ எழுதிக்கிட்டிருந்தப்ப மைலோ கலக்கிக் குடுத்தது யாரு?"

சொந்தக்காரர்களைப் பேட்டி எடுக்கக் கூடாது என்று அவளுடைய ஆசிரியை மிஸ் நாதிரா சொல்லிக்கொடுத்திருந்தாராம். அப்பாவை இதில் இழுக்காமல் விட்டால் அவருக்கும் நல்லது என்று இவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் எல்லாரும் எழுதுகிற வரியை எழுதிவிட்டாள். படித்தவர்களுக்கோ டிரைவர் தலைமறைவாகிவிட்டான் என்றுதான் பட்டது. 'குடித்திருப்பான்' என்று ஒருவன் எழுதினான். அதற்கு முந்நூறு பேர் ஆமாம் போட்டார்கள். வருசா வருசம் விரதமிருந்து காவடி எடுக்கிற, தண்ணி வாசனையே ஆகாத மனுசன். அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்தியவர்தான்.

பஸ் வந்தது. யுவனேஸ்வரி முதுகுப் பையோடு இறங்கினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்த சீதா, அதற்குப் பதிலாக மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சிங்காரம் ரேடியோவை நோண்டிக்கொண்டிருந்தார். வந்தவளை ஏறிட்டுப் பார்த்தார். "குளுருதுல்ல, உள்ள வரச்சொல்லு" என்றார் சீதாவிடம்.

"உள்ளதாம்பா இருக்கேன்" என்றாள் யுவனேஸ்வரி.

சார்டின் சம்பலும் பருப்பும் வைத்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கியா பார்மிலிருந்து வாங்கி வந்து கொடுத்த சோளத்தையும் சீதா அவித்து வைத்திருந்தாள். கைகழுவி வந்ததும் மகள் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா ஒர்க்‌ஷாப்புக்கு எத்தன தடவ சொன்னாருன்னு கேளுங்க."

"எத்தன தடவன்னு கேக்கறா."

"மூணு தடவன்னு சொல்லு. வியாழன், சனி, திங்கள். காலையில அஞ்சே முக்காலுக்கு, லோரி சூடாகறப்ப."

"வாயால சொன்னாரா?"

"வாயால சொன்னா செல்லாதுன்னு ஆபிசுல ரூல் போட்டு ரெண்டு வருசமாச்சுன்னு சொல்லு. எல்லாம் வாட்சாப்புலதான். எனக்கு டைப் அடிக்க வராது. அமுக்கிப் புடிச்சுக்கிட்டுப் பேசி ரூபனுக்கு அனுப்பினேன்."

ரூபன்தான் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். தன் போனுக்கு எந்த மெசேஜும் வரவில்லை என்று அவன் ஆபிசில் சொல்லிவிட்டான். நல்ல பையன்தான், பொய் சொல்லக்கூடியவன் இல்லை. அவன் முன்னாலேயே சிங்காரம் தன் போனைத் திறந்து ரூபன் பெயரை அமுக்கிப் பார்த்தார். இரண்டு வருசத்துக்கு முந்தைய பேச்சுகள் நாலைந்து இருந்தன. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 'நான் பேசினேன் சீதா' என்று மட்டும் சொன்னார். சீதா 'தெரியும்' என்றாள். ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இவர் சொல்ல நினைத்து மறந்திருப்பாரோ என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நொடிக்காக அவள் இன்றுவரை மனசுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

"யாரு சொன்னதயும் அப்படியே எடுத்துக்கக் கூடாதும்மா. அப்பா சொன்னாலுந்தான்" என்றாள் மகள். "மொதல்ல தேதி. அப்பறம் ஆதாரம். போனக் குடுக்கச் சொல்லுங்க."

சிங்காரம் போனை எடுத்து, மகள் பக்கம் தள்ளாமல், மேசையின் நடுவில் வைத்தார்.

அவள் என்னென்னவோ திறந்தாள். போனுக்கு உள்ளே போன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் சீதாவுக்குத் தெரியும். பேசி அனுப்பியதெல்லாம் ஒரு மூலையில் தேதிவாரியாகத் தனியே கிடக்குமாம். கால்மணி நேரம் தேடினாள். கூரைத் தகரத்தில் தூறல் சத்தம். சிங்காரம் சோளக்கட்டையில் ஒட்டியிருந்த கடைசி மணியைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தார்.

திடீரென்று அவருடைய குரல் போனிலிருந்து கேட்டது. பின்னால் லோரி உறுமுகிறது. 'ரூபா, சிங்காரம் பேசறேன். பிரேக்கு ரெண்டு தடவ அமுக்கினாதான் புடிக்குது. வந்து பாருலா.'

சீதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பத்தேழு. அடுத்தது சனிக்கிழமை: 'ரூபா, ஏழாம் நம்பர் எறக்கத்துல நிக்க மாட்டேங்குது. இன்னிக்காச்சும் ஆளு அனுப்பு.' மூன்றாவது திங்கட்கிழமை: 'ரூபா, இன்னும் ஒருத்தரும் வரல. பொம்பளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன்லா, வெளயாட்டு இல்ல.'

"பேசியிருக்காரு" என்றாள் யுவனேஸ்வரி. "ஆனா ரூபனுக்குப் போகல. அப்ப யாருக்குத்தான் அனுப்பினாரு?"

சிங்காரத்துக்கும் தெரியவில்லை. சீதாதான் யோசித்தாள். காலையில் இருட்டில் லோரிக் கதவுக்குப் பக்கத்தில் இவர் நிற்பது அவளுக்குத் தெரியும். கண்ணாடி போட்டால் கிழவன் ஆகிவிடுவோம் என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார். போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, கட்டைவிரலால் ஓர் அமுக்கு.

"உங்கப்பா பேரெல்லாம் எங்க படிக்கறாரு?" என்றாள். "திறந்த ஒடனே மேல எது இருக்கோ அத அமுக்குவாரு."

யுவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "நான்தாம்மா அப்படிச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் மெதுவாக. இரண்டு வருசத்துக்கு முன்னால், புதுப்போன் வாங்கிய அன்றைக்கு. அப்போது அந்தப் போனில் இருந்த ஒரே பெயர் ரூபன். மேலே இருப்பதை அமுக்குங்கப்பா, பேசுங்கப்பா, விடுங்கப்பா என்று மூன்றே வார்த்தையில் பாடம் முடிந்துபோனது. அப்புறம் பங்குனி உத்திரத்துக்காகக் கோயில் குரூப்பில் சேர்த்தார்கள். வீட்டுக்கு ஒரு நம்பர், மொத்தம் அறுபத்து மூன்று பேர். விடிவதற்குள் அதில் பத்து சாமிப் படம் வந்துவிடும். மேலே ஏறி உட்கார்ந்த குரூப் கீழே இறங்கவே இல்லை.

அவள் கோயில் குரூப்பைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அன்னதானத்துக்கு அரிசி யார் யார் தருகிறார்கள் என்ற பட்டியல், பிறந்தநாள் வாழ்த்து, மயில்மேல் முருகன், அதற்குக் கீழே சிங்காரத்தின் மெசேஜ். அப்புறம் பக்திப் பாட்டு, காலை வணக்கம், மறுபடி சிங்காரம். மூன்றும் அங்கேயே இருந்தன. மூன்றாவதற்குக் கீழே கும்பிட்ட கைகள் படம் ஒன்றும் இருந்தது.

"கும்புட்டிருந்துச்சு" என்றார் சிங்காரம். "நான் பாத்தேன். சரி, ரூபன் கேட்டுட்டான், வருவான்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "அப்ப மூணு நாளும் முருகன்கிட்டயே கம்ப்ளேன் பண்ணியிருக்கேன்."

சீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மகளும் சிரித்தாள். சிங்காரம் மட்டும் சிரிக்கவில்லை. "லோரிய நான் நிறுத்தியிருக்கணும் சீதா. யாரு வந்தா என்னா, வராட்டி என்னா" என்றார்.

யுவனேஸ்வரி மெசேஜை அமுக்கிப் பிடித்து வேறொன்றைத் திறந்தாள். அனுப்பியதை யார் யார் கேட்டார்கள் என்று அதில் நேரத்தோடு காட்டும். அறுபத்து மூன்று பேரில் அவரது பேச்சைக் கேட்டவர்கள் நாலே பேர். மற்றவர்கள் சாமிப் பாட்டு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்க வேண்டும். நாலு பேரில் மூன்று பேர் தோட்டத்தை விட்டு எப்போதோ வெளியூர் போனவர்கள். நாலாவது பெயர் அகிலன் கிராணி. மூன்று மெசேஜும் கேட்டாயிற்று. திங்கட்கிழமை மெசேஜைக் கேட்ட நேரம் காலை ஆறு இரண்டு. கும்பிட்ட கைகளும் அவருடையதுதான்.

அகிலன் கோயில் செயலாளர். தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதும் பெரிய கிராணியும் அவர்தான். 'டிரைவர் யாரிடமும் சொல்லவில்லை' என்று தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரேதான்.

"போதும்மா" என்றாள் யுவனேஸ்வரி. முகமெல்லாம் சிவந்துவிட்டது. "திங்கக்கெழம அப்பா உள்ள போயி துரை முன்னால இத வெக்கட்டும். கிராணி மூஞ்சி எங்க போகுதுன்னு பாக்கறேன். இத அப்படியே ரெண்டாவது ஸ்டோரியா போட்டேன்னா..."

"நாளைக்குச் சாயங்காலம் கோயில்ல பூச இருக்கு" என்றார் சிங்காரம். "அங்க வெச்சு மொதல்ல அவருகிட்ட காட்டணும்."

"எதுக்குக் காட்டணும்? அம்மா, சொல்லுங்க. அவரு குரூப் அட்மின். எல்லாத்தயும் அழிச்சிட முடியும். யோசிக்க டைம் குடுத்தா வேற கத கட்டிருவாரு."

சீதா புருசன் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் சிங்காரம் மகளை நேராகப் பார்த்தார்.

"நீ என்னக் கேக்காம போட்ட" என்றார். "நான் அவரக் கேக்காம போட மாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே என்று கேட்பதுபோலத்தான் சொன்னார். யுவனேஸ்வரி நோட்டை மூடினாள். பிறகு பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் தட்டு கழுவினாள். மூன்று தட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. சீதா போய்ப் பார்க்கவில்லை. அழுது முடித்துவிட்டுத் தானே வரட்டும் என்று விட்டாள். வந்தவள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினாள். அதை மட்டும் அவள் விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அகிலன் கிராணி சுண்டல் சட்டியைக் கழுவக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிங்காரத்தைக் கண்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அறிக்கை எழுதிக் கொடுத்தவரும் நாளைக்கு விசாரிக்கப்படப்போகிறவரும் ஒரே விபூதித் தட்டின்முன் நின்றால் வேறெப்படி இருக்கும்.

"கிராணி, ஒரு நிமிசம். இதக் கேளுங்க" என்று சிங்காரம் போனை நீட்டினார்.

கிராணி கேட்டார். மூன்றையும் கேட்டார். "இது நம்ம குரூப்பாண்ணே?" என்றார். யுவனேஸ்வரி பெயரும் நேரமும் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலையில பல்லு வெளக்கறப்ப எல்லாத்தயும் போட்டு விட்டுருவேன்லா. அது பாட்டுக்கு வரிசையா ஓடும். காதுல விழுந்துச்சா இல்லயான்னுகூட..." அவர் நிறுத்தினார். "கும்புட்டது அந்தச் சாமிப் படத்துக்குண்ணே. ஒங்களுக்கு இல்ல."

"தெரியும் கிராணி. என் பேர்லயும் தப்பு இருக்கு. ஆளு மாத்தி அனுப்பிட்டேன். ஆனா அனுப்பவே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

கிராணி போனைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு வாங்க" என்றார். சன்னதி விளக்கைத் தூண்டப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் பனிமஞ்சு இறங்கி முன்னால் போகிறவர்கள்கூடத் தெரியவில்லை. "அழிச்சிடுவாருன்னு நெனைக்கிறேன்" என்றாள் யுவனேஸ்வரி அம்மாவின் காதருகே. சீதாவுக்கும் பயம்தான். அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் மாறி மாறி அந்தக் குரூப்பைத் திறந்து பார்த்தார்கள். மெசேஜுகள் அங்கேயேதான் இருந்தன.

திங்கட்கிழமை சீதா அரை நாள் லீவு போட்டாள். ஆபிஸ் வாசல் பெஞ்சில் அவளும் மகளும். உள்ளே துரை, ரூபன், கிராணி, சிங்காரம். துரையின் பெயர் கைருல், வயது நாற்பதுக்குள்தான். ஆனாலும் லயத்தில் மேனேஜர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், துரைதான். கதவு சரியாகச் சாத்தவில்லை. துரை கேள்வியைத் தொடங்கியதும் வேறொரு குரல் குறுக்கே வந்தது. கிராணியின் குரல்.

"சாயா யாங் சாலா, துவான்" என்றார்.

தப்பு என்னுடையதுதான், ஐயா. சீதாவுக்கு மலாய் பேச்சு நன்றாகவே புரியும். ஆனாலும் மகளைத் திரும்பிப் பார்த்தாள். யுவனேஸ்வரி தலையை ஆட்டினாள். உள்ளே கிராணி நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். கோயில் குரூப், காலை ஆறு மணி, பல் விளக்கியது, தான் கேட்டும் காதில் வாங்காதது. எழுதிக் கொடுத்த அறிக்கை தவறு, திருப்பி எழுதித் தருகிறேன் என்றார். பிறகு சிங்காரத்தின் குரல் போனிலிருந்து மூன்று முறை கேட்டது. துரை அதைப் புரிந்துகொள்ள ரூபன் மலாயில் மாற்றிச் சொன்னான். "எனக்கு வந்திருந்தா அன்னிக்கே போயிருப்பேண்ணே" என்று நடுவில் தமிழில் வேறு சொன்னான்.

சீதா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் கொழுந்துக் கறை. உள்ளே துரை ஏதோ கேட்டார், சிங்காரம் ஏதோ சொன்னார், யாரோ சிரித்தார்கள். ஆபிசுக்குச் சொன்னது ஆண்டவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று துரைக்கு விளங்கிவிட்டது போலும்.

சிங்காரம் வெளியே வந்தார். கையில் கடிதம் ஒன்றும் இல்லை. "எம்மேல நடவடிக்க இல்லியாம்" என்றார். "பிரேக்கு மாத்துற வரைக்கும் லோரியில ஆளு ஏத்தக் கூடாதாம். ரிங்லெட்லேருந்து வேன் வருதாம், சீட்டு வெச்சது. எல்லா லோரியயும் ரூபன் வாரம் ஒருதடவ பாக்கணுமாம். இனிமே வண்டி சரியில்லன்னா டிரைவர் எடுக்காம நிறுத்திக்கலாம்னு எழுதியே குடுக்கச் சொன்னேன். சரின்னுட்டாரு."

சீதா பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஒரு வாரமாக நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கிய இடத்தில் வெறும் பசி இருந்தது. "எனக்குப் பசிக்குது" என்றாள். மூன்று பேரும் நேராக ஹாஜா மைதீன் கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு ரொட்டி தின்றார்கள். விசயம் கேட்டு ஹாஜா மைதீன் மூன்றாவது ரொட்டியைக் கேட்காமலேயே தட்டில் போட்டார்.

அன்று மத்தியானமே யுவனேஸ்வரி கட்டுரையில் திருத்தம் போட்டாள். மிஸ் நாதிராவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி, திட்டும் வாங்கிக்கொண்டாள். சொந்தக்காரரைப் பேட்டி எடுக்காதே என்றால் அந்தச் செய்தியை வேறொருவரிடம் கொடு என்று அர்த்தம், ஆளே இல்லை என்று எழுது என்று அர்த்தமில்லை என்றாராம். மார்க் குறையும். குறையட்டும் என்றாள். திருத்தத்தை அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"'இந்தக் கட்டுரையின் முந்தைய வடிவில் ஓட்டுநரின் கருத்தைப் பெற இயலவில்லை என்று குறிப்பிட்டிருந்தோம். அது தவறு. ஓட்டுநர் இதை எழுதியவரின் தந்தை. அவர் வீட்டில்தான் இருந்தார். அவரிடம் கேட்கவில்லை.'"

சிங்காரம் கேட்டுவிட்டு, "ம்" என்றார். பிறகு சீதாவிடம், "மழைக்கு முன்னால துணிய எடுக்கச் சொல்லு" என்றார். சீதா மகளைப் பார்த்தாள். மகள் துணி எடுக்கப் போனாள். இந்த மனுசனுக்கு வீம்பு எப்போதுதான் இறங்குமோ என்று சீதாவுக்கு எரிச்சலாக வந்தது.

செவ்வாய்க்கிழமை யுவனேஸ்வரி பஸ் ஏறினாள். போவதற்கு முன் அப்பாவின் போனில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படம் போட்டு வைத்தாள். ரூபனுக்கு லோரி, தனக்குத் தன் முகம். மேலே இருப்பதை அமுக்காதீங்கப்பா, கண்ணாடி போட்டுப் பாருங்கப்பா என்று நாலு தடவை சொன்னாள். சிங்காரம் அவள் பையை பஸ்ஸில் ஏற்றினார், தலையை அசைத்தார், வந்துவிட்டார்.

புதன்கிழமை காலை சீதா அடுப்பங்கரையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளியே லோரிப் பக்கம் சிங்காரம் யாரிடமோ பேசுவது கேட்டது. குரலில் ஒரு தயக்கம். ஜன்னலைத் திறந்தாள்.

"யுவா, அப்பா பேசறேன். சாப்டியா? அங்க மழயா? நீ சாப்ட்ட பெறகு படி." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பா இங்கதான் இருக்கேன். எதாச்சும் கேக்கணும்னா கேளு. எப்ப வேணும்னாலும் கேளு."

கட்டைவிரலை எடுத்தார். போனைப் படிக்கட்டில் வைத்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறக்கப் போனார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

போன் டிங் என்றது. மறுபடி டிங். அப்புறம் நிற்காமல் அடித்தது. சீதா போய் எடுத்துப் பார்த்தாள். கோயில் குரூப். 'சாப்பிட்டிருக்கும்ணே' என்று யாரோ எழுதியிருந்தார்கள். 'இங்க மழ இல்ல' என்று சிரம்பானிலிருந்து ஒருவர். கட்டுப் போட்ட கையோடு நவமணி எழுதியிருந்தாள்: 'புள்ளய அழ வெக்காதீங்கண்ணே.' கடைசியில் அகிலன் கிராணி: 'இந்தத் தடவ முழுசாக் கேட்டேன். புள்ளைக்கு அனுப்பி வெச்சிட்டேன்.'

சீதா அவரிடம் சொல்லவில்லை, போனை உள்ளே எடுத்து வந்துவிட்டாள். சொன்னால் வெட்கப்பட்டு இன்னொரு இருபத்து மூன்று நாள் வாயை மூடிக்கொள்வார். தேத்தண்ணியைக் குவளையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. திரையில் மகளின் முகம்.

சீதா அதைத் தன் காதில் வைக்கவில்லை. வெளியே போய், கையெல்லாம் எண்ணெயாக நின்றவரின் காதோரம் போனைப் பிடித்தாள். மறுமுனையில் மகள் அழுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது.

"என்னாடா" என்றார் சிங்காரம். "மொதல்ல சாப்டியா, அதச் சொல்லு."

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துப் போனை வாங்கிக்கொள்ளும்வரை சீதா நின்றாள். பிறகு தேத்தண்ணி ஆறிவிடும் என்று உள்ளே போனாள்.